உப்பில்லாமல் பத்து நாள்

எங்கள் ஊரில் என் வீட்டுக்கு வழி கேட்டால் இன்றைக்கும் சிலர், "பச்ச நெல்ல அறுத்தாங்களே, அந்த ஊடுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஆமாம், அந்த ஊடுதான். அறுத்தவள் நான்தான். பெயர் தனலட்சுமி, வயது நாற்பத்தேழு, பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் நெல்லும் தென்னையும் வைத்திருக்கிற குடும்பம். அனுதாபத்துக்காக இதை எழுதவில்லை; அது வாங்கி வாங்கி எனக்கு அலுத்துவிட்டது. இந்தப் பங்குனியில் நான் பாலக்காட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் பதினான்கு நாள் கிடந்தேன். எதனால் கிடந்தேன் என்று தெரிந்தால் இன்னொருத்தி கிடக்காமல் இருக்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கள் வயலில் அறுப்புக்கு நாள் சொல்வது நான்தான். கதிரில் ஒரு நெல்லை உருவிப் பல்லில் கடித்தால் எனக்குத் தெரிந்துவிடும். என் வீட்டுக்காரர் வேலுச்சாமி, "அறுக்கலாமா புள்ள?" என்று கேட்பார். நான் சரி என்றால்தான் அறுப்பு மெஷினுக்குப் போன் போகும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை. வராதது கஷ்டமாகவும் இல்லை. உடம்பெல்லாம் சுறுசுறுப்பு, வாய் ஓயாத பேச்சு. உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் விவசாயம் தெரியும் என்று ஒரு நினைப்பு. அவர் பக்கத்து டவுன் சித்தூருக்குப் போயிருந்த ஒரு பகலில் நானே மெஷினைக் கூப்பிட்டு மொத்த வயலையும் அறுக்கச் சொன்னேன். கதிரில் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. மெஷின் ஓட்டி வந்தவன், "ஏனுங்கக்கா, இன்னும் முத்தவே இல்லீங்களே" என்று தயங்கினான். அவனைப் போட்டு நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. சாயங்காலம் அவர் வந்து வரப்பில் உட்கார்ந்தவர் இருட்டும்வரை எழுந்திருக்கவே இல்லை.

இதற்கு இருதுருவ மனநோய் என்று பெயர் சொன்னார்கள். மனசு சில காலம் அளவுக்கு மீறி ஏறும், சில காலம் அளவுக்கு மீறி இறங்கும். ஏறும்போது ஏறுவது நமக்குத் தெரியாது, அதுதான் கேடு. லித்தியம் என்ற மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை என்னை நிமிர்த்தி வைத்தது. அதற்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் அவரும் அதற்குப் பிறகு ஒருமுறைகூட, "அறுக்கலாமா புள்ள?" என்று கேட்கவில்லை. அவராகவே போவார், பார்ப்பார், போன் போடுவார். நான் சோறாக்கி வயலுக்குக் கொடுத்தனுப்புவேன். அவர்மேல் தப்புச் சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் இருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன். ஆனாலும் ஒவ்வொரு அறுப்புக்கும் நெஞ்சு எரியும்.

இந்த வருடம் மாரியம்மன் கோயிலில் திருவிழாக் கம்பம் நட்டதும் அவர் திடீரென்று, "பதினஞ்சு நாளைக்கு ஊட்ல உப்பு வேண்டாம். விரதம். பூவோடு எடுக்கறதா வேண்டியிருக்கறேன்" என்றார். பூவோடு என்றால் தீச்சட்டி. எதற்கு வேண்டுதல் என்று கேட்டேன். "எல்லாத்துக்குந்தான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்காரர் விரதம் இருக்கும்போது நான் மட்டும் ரசத்தில் உப்புப் போட்டுக் குடிக்க முடியுமா? நானும் இருந்தேன். எங்கள் மகள் நந்தினி, சித்தூர் காலேஜில் கடைசி வருடம், "எனக்கு மட்டும் தனியா ஊறுகாய் வேணும்" என்று முதல் நாளே கட்சி மாறிவிட்டாள்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். பண்டம் குப்பைக்குப் போகவில்லை, நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழாம் நாள் காப்பி ஆற்றும்போது கை நடுங்கியது. வெயில் என்று நினைத்தேன். எட்டாம் நாள் வயிற்றுப்போக்கு. அதையும் வெயில் கணக்கில்தான் எழுதினேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பங்குனியில் அடிக்கிற அடியில் மனுசருக்கு என்ன வந்தாலும் வெயிலைச் சொன்னால் பொருந்திவிடும். மாத்திரையை மட்டும் ஒருவேளைகூட விடாமல் போட்டேன். பத்தாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் தரை என் காலுக்குச் சிக்கவில்லை. "ஏனுங்க" என்று கூப்பிட நினைத்தேன். வாயில் குழகுழவென்று வேறு என்னவோ வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் பாலக்காடு கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவில் ஒரு சின்னப் பெண் டாக்டர் என் கையைத் தூக்கச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள், மூக்கைத் தொடச் சொன்னாள். பக்கவாதமோ என்று பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பி மலையாளத்தில், "மருந்து வல்லதும் கழிக்குந்நுண்டோ?" என்று, நான் ஏதாவது மருந்து சாப்பிடுகிறேனா என்று கேட்டாள்.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். கார் ஓட்டி வந்த பக்கத்து வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். "மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்ல வாய் வரவில்லை. ஊருக்கே பச்சை நெல் கதை தெரியும், ஆனால் மாத்திரைக் கதை தெரியக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நெல்லை அறுத்ததற்குப் பித்தம் ஏறிவிட்டது, காத்துக் கருப்பு என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். தினம் மாத்திரை என்றால் மகளுக்கு வரன் வராது. என்னைத் தலையை ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தது. எதனால் என்று தெரியாமல் சின்ன டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

காலேஜிலிருந்து பஸ் பிடித்து நந்தினி அப்போதுதான் வந்து சேர்ந்தாள். டாக்டர் கேட்டதும் அப்பா சொன்னதும் தெரிந்ததுதான் தாமதம், "எதுக்குங்கப்பா பொய் சொன்னீங்க? அம்மா பேசவே முடியாம கெடக்குறாங்க, உங்களுக்கு ஊரு பெருசா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். கைப்பையிலிருந்து என் மாத்திரை அட்டையை எடுத்து டாக்டர் கையில் கொடுத்தாள். எந்நேரமும் என் மாத்திரையில் ஒரு அட்டையை அவள் பையில் வைத்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டாக்டர் அட்டையைப் படித்தாள். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னாள்.

ரத்தத்தில் லித்தியம் இருக்க வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மருந்தே விஷமாகியிருந்தது. ஒன்பது வருடமாக நான் மாதாமாதம் பார்க்கிற மனநல டாக்டரை வரவழைத்தார்கள். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், அறுபது வயதிருக்கும். மெதுவாகப் பேசுவார், அதைவிட மெதுவாக எழுதுவார். கட்டில் ஓரம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாத்திரையைக் கூடுதலாகப் போட்டேனா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் ஏதாவது மாத்திரை வாங்கினேனா? இல்லை. வாந்தி உண்டா, தண்ணீர் குடித்தேனா? ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு ஓரமாக வைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "வீட்டுல ரெண்டு வாரமா வழக்கத்துக்கு மாறா என்ன நடந்தது? சின்னதா இருந்தாலும் சொல்லுங்கோ" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் அதற்குள் போய்விட்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லீங்க. கோயில் விசேசந்தானுங்க. உப்பில்லாம விரதம் இருக்கறோம்."

டாக்டரின் பேனா நின்றது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். லித்தியமும் ஒருவகை உப்புதான். சோற்று உப்புக்கும் அதற்கும் சிறுநீரகத்துக்கு அவ்வளவாக வித்தியாசம் தெரியாது. சோற்று உப்பு வராமல் போனால், உடம்பில் உப்புக் குறைகிறதே என்று அது பதறிப்போய் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயிலில் வியர்த்தால் இன்னும் மோசம். நான் தினமும் போட்டது அதே மாத்திரைதான். பத்து நாளாக அது வெளியே போகாமல் உள்ளேயே சேர்ந்துகொண்டிருந்தது.

"எதுக்கு வேண்டிண்டேள்?" என்று டாக்டர் கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என் வீட்டுக்காரர் வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டார். "ஒம்பது வருசமாச்சுங்க. இவளுக்குத் திரும்ப வரலீங்க. ஆத்தா காப்பாத்திட்டா. அதுக்குத்தானுங்க."

எனக்காக இருந்த விரதம்தான் என்னைப் படுக்க வைத்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் எனக்கு இரண்டுமே சரியாக வந்திருக்காது. முகம்தான் கோணியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு என்னோடதும்தான். தூக்கம் எப்படி, மாத்திரை போட்டேளான்னு ஒன்பது வருஷமா கேட்டேன். விரதம் உண்டான்னு ஒரு நாளும் கேக்கலை. இந்த ஊர்ல அதைத்தான் மொதல்ல கேட்டிருக்கணும்" என்றார். தப்பு தன்னுடையது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாத்திரையை நிறுத்தினார்கள். கையில் ஊசி ஏற்றி உப்புத் தண்ணீர் பாட்டில் பாட்டிலாக விட்டார்கள். அளவு இறங்கவில்லை என்றால் டயாலிசிஸ், அதாவது மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் நந்தினி வெளியே போய் வராந்தா நாற்காலியில் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். கண்ணை மூடினால் கட்டில் சுற்றியது. செத்துவிடுவேனோ என்று பயந்தேன். பயந்தேன் என்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் மதியம் அளவு இறங்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் "தண்ணி" என்று திருத்தமாகச் சொன்னேன். நர்ஸ் சேச்சி கையைத் தட்டினாள்.

அன்றைக்கு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உன்ற அஞ்சு நாளையும் நானே இருந்துக்கறேன். ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்" என்றார். அவர் பதினைந்து, எனக்கு மிச்சமிருந்த ஐந்து, ஆக இருபது நாள் உப்பில்லாமல். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளில்லை. தினமும் காலையில் வீட்டில் கஞ்சி காய்ச்சித் தூக்குப் போசியில் ஊற்றிக்கொண்டு சித்தூர் வழி பாலக்காடு பஸ் ஏறி வருவார். நந்தினிக்குப் பரீட்சை, சமையல் அவர்தான். விரதக்காரர் ஆயிற்றே, உப்புப் பார்க்க வாயில் வைக்க முடியாது. கண் அளவில் போட்டுக் கொண்டுவருவார். முதல் நாள் ஒரு வாய் வைத்தேன். கடல் தண்ணீர்! "கரிக்குதுங்க" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "பத்தாமப் போயிருமோன்னு பயந்து ரெண்டு கை போட்டேன் புள்ள" என்றார். கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது, தினமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நர்ஸ் சேச்சி ஒரு சின்னக் கரண்டியைக் கொடுத்து, இதில் தலை தட்டி ஒன்று என்று காட்டிக்கொடுத்தாள். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஐந்தாம் நாள் பெரிய பேச்சு வந்தது. இனி என்ன செய்வது? அதே லித்தியத்தைக் குறைத்துக் கொடுக்கலாம். வேறு மாத்திரைக்கு மாறலாம். ஆனால் அது எனக்குக் கேட்குமா என்று இப்போது சொல்ல முடியாது, அதற்கும் வேறு தொந்தரவுகள் உண்டு. ஒன்றும் கொடுக்காமல் கொஞ்ச நாள் பார்க்கலாம். டாக்டர் மூன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"அந்த விசம் மட்டும் வேண்டாமுங்க" என்றார் என் வீட்டுக்காரர், கையெடுத்துக் கும்பிட்டபடி. "கண்ணுல பாத்துட்டனுங்க. இன்னொருக்கா என்னால ஆகாது."

"உங்களுக்கு எப்படித் தோணறது?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

எனக்கு என்ன தோன்றியது என்றால், இந்த மாத்திரை போய்விட்டால் நான் மறுபடியும் பச்சை நெல்லை அறுப்பவளாகிவிடுவேன் என்று. செத்துப்போவதைவிட அதற்குத்தான் நான் பயந்தேன். ஆனால் அவர் கும்பிட்டபடி நிற்கும்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. "அவரு சொல்றதுதானுங்க" என்றேன். டாக்டர் பேனாவை மூடினார். "இன்னிக்கு முடிவு பண்ண வேண்டாம். சிறுநீரகம் தேறி வரட்டும். தினம் வந்து பாக்கறேன். மனசுல எது மாறினாலும் என்கிட்ட சொல்லுங்கோ. நல்லதா மாறினாலும் சொல்லணும்" என்றார். கடைசியாகச் சொன்னது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

எட்டாம் நாள் விடியும் முன்பே விழித்துக்கொண்டேன். அடடா, என்ன தெம்பு! நடுக்கம் போய்விட்டது, நடை வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன். எதிர்க் கட்டில்காரியின் நாத்தனார் சண்டைக்குத் தீர்ப்புச் சொன்னேன். நர்ஸ் சேச்சி, "அம்மா இன்னு உஷாராணல்லோ" என்று சிரித்தாள்; இன்றைக்கு நான் சுறுசுறுப்பாம். பத்து மணிக்கு அவர் கஞ்சியோடு வந்தார். இந்த வருடம் கால்வாய்த் தண்ணீர் தாமதமாக வந்ததால் நெல் இன்னும் வயலில்தான் நின்றது. பேச்சுவாக்கில், "கதிரு தலை சாஞ்சிருச்சு" என்றார்.

அவ்வளவுதான். "அப்பறம் என்னத்துக்கு இங்க நிக்கறீங்க? போனைக் குடுங்க, இன்னிக்கே மெஷினக் கூப்பிடறேன்! மத்தியானத்துக்குள்ள அறுத்தறலாம்!" என்று அவர் சட்டைப் பையில் கையை விட்டேன்.

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அவர் முகத்தில் நான் அன்றைக்கு வரப்பில் பார்த்த அதே முகம்.

என் கை அந்தரத்தில் நின்றது. உள்ளே ஒரு குரல், நீ சரியாகத்தான் சொல்கிறாய், இவருக்கு என்ன தெரியும், பிடுங்கு போனை என்றது. இன்னொரு குரல் இருந்தது, ரொம்பச் சின்னக் குரல். தனம், நீ கதிரைப் பார்க்கவே இல்லையே என்றது. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். "டாக்டரக் கூப்பிடுங்க. எனக்கு ஏறுது" என்றேன்.

டாக்டர் வந்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன். விடியும் முன்பே விழித்ததை, தலை வாரியதை, தீர்ப்புச் சொன்னதை, சட்டைப் பையில் கைவிட்டதை எல்லாம் சொன்னேன். பேச்சு வேகமாக வந்தது, நானே பிடித்துப் பிடித்துப் பேசினேன். "அந்த மாத்திரை எனக்கு வேணுமுங்க. நானா கேக்கறேன். உப்ப அளந்து திங்கறேன், எத்தன தடவ வேணும்னாலும் ரத்தம் எடுத்துக்குங்க. ஆனா அது இல்லாம என்னால என்னய நம்ப முடியாதுங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். டாக்டர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "போன தடவை ஏறினப்போ இவாளுக்கே தெரியலை. இந்தத் தடவை இவாளே பிடிச்சுட்டா. நான் எந்தச் சோதனையிலயும் இதைக் கண்டுபிடிச்சிருக்க முடியாது. இதை வச்சுத்தான் நான் முடிவு பண்றேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அவ கேட்டதக் குடுங்க" என்றார்.

குறைந்த அளவில் ஆரம்பித்தார்கள். கூடவே தூக்கத்துக்குச் சில நாள் ஒரு மாத்திரை. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, ஆனால் இனி அடிக்கடி பார்க்க வேண்டும் என்றார்கள். மருந்துச் சீட்டின் தலையில் டாக்டர் தன் மெதுவான கையெழுத்தில், 'விரதம், வயிற்றுப்போக்கு, வலி மாத்திரை: மூன்றுக்கும் முன்னால் எனக்குப் போன்' என்று தமிழில் எழுதிக் கீழே கோடு போட்டார். இதே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த வரியை மட்டுமாவது மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாளில் தூக்கம் வந்தது. பேச்சு தானாகவே நிதானப்பட்டது. எதிர்க் கட்டில்காரி நாத்தனார் கதையைத் தொடர்ந்தபோது எனக்குக் கொட்டாவி வந்தது. அந்தக் கொட்டாவிக்கு ஆத்தாளுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

பதினான்காம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவருடைய விரதம் முடிந்திருந்தது, பூவோடும் எடுத்துவிட்டு வந்திருந்தார். உள்ளங்கை சிவந்து கிடந்தது. நந்தினி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவர் போசியைத் திறந்து கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார். உப்பு சரியாக இருந்தது. நான் குடித்து முடித்ததும் அவர் துண்டில் மடித்து வைத்திருந்ததை எடுத்து என் மடியில் வைத்தார். நெற்கதிர். நாலு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று, நடு வயலிலிருந்து இரண்டு.

"அறுக்கலாமா புள்ள?" என்றார்.

நெல்லை உருவினேன். ஒவ்வொரு கதிரிலும் அடியில் ஒன்று, நுனியில் ஒன்று. ஒவ்வொன்றாகக் கடித்தேன். நாலு மூலையும் நறுக்கென்று உடைந்தது. நடுக் கதிரின் அடி நெல் மட்டும் பல்லில் கொஞ்சம் மசிந்தது.

"இன்னும் ரெண்டு நாள் போகட்டுங்க. நாளான்னைக்கு வரச் சொல்லுங்க" என்றேன்.

அவர் அங்கேயே நின்று மெஷின்காரனுக்குப் போன் போட்டார். "நாளான்னைக்குக் காலைல வந்துரு" என்றார். அந்தப் பக்கம் அவன் என்னவோ கேட்டான். "அட இல்லடா, நான் பாக்கல. உங்கக்கா பாத்துட்டா" என்றார்.